மூன்றாம் நாள் வான்கோழி

டிசம்பர் 26ஆம் திகதி விடியற்காலையில் தேத்தண்ணிக்குப் பால் எடுக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தால் கை நுழைக்க இடமில்லை. மேல்தட்டில் வான்கோழி, நடுத்தட்டில் வான்கோழி, மரக்கறி போடும் பெட்டியில் வான்கோழி எலும்பு. பால் பெட்டி ஒரு தொடைக்குப் பின்னால் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. எட்டுப் பேர் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் இரண்டு கிலோவுக்குக் கிட்ட இறைச்சி மிச்சம். எனக்குப் பின்னால் வந்து நின்ற அம்மா பிரிட்ஜுக்குள் ஒரு பார்வை பார்த்தார், என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "இதெல்லாத்தையும் எப்ப புள்ள முடிக்கிற?" அம்மா அப்படிக் கேட்பதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டு நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வான்கோழி வழக்கமே இல்லை. மஞ்சள் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பிரட்டல், இறால் பொரியல், கேக், அவ்வளவுதான். இந்த முறை டொரொண்டோவில் இருந்து தம்பி குடும்பம் ஆறு வருடத்துக்குப் பிறகு வந்திருந்தது. வந்த இரண்டாம் நாளே அவனுடைய மகன், "மாமி, நத்தாருக்கு டர்க்கி இல்லையா?" என்று கேட்டுவிட்டான். கனடாவில் ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள், அன்றைக்கு ஒரு வான்கோழி, பிறகு நத்தாருக்கு இன்னொன்று. பக்கத்து அமெரிக்காவில் அதே நன்றி நவிலல் நவம்பர் நான்காவது வியாழன். பொடியன் பிறந்து வளர்ந்தது அந்தக் கணக்கில். தம்பி சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "அக்கா, அங்க அதைச் சமைக்கிறது ஒரு நாள் வேலை, மிஞ்சினதைத் தின்னுறது ஒரு கிழமை வேலை." பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

பறவை மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்து வந்தது. அந்தப் பக்கம் சில வீடுகளில் கோழியோடு கோழியாக வான்கோழியும் வளவுக்குள் திரியும், சொல்லி வைத்தால் தருவார்கள். உயிரோடு ஒன்பது கிலோ. மோட்டார் சைக்கிளில் இவர் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு வாவி தாண்டிக் கொண்டுவந்தபோது, வழியில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்களாம். அறுப்பதற்குக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிற ராத்தா ஒருவர் ஒவ்வொரு நத்தாருக்கும் பிள்ளைகளோடு வருவார், ஹலாலாக அறுத்தால்தான் அவருக்கும் ஒரு பங்கு. இது எங்கள் வீட்டில் பேசி முடிவெடுக்கிற விஷயமே இல்லை, பண்டிகைக்கு எது வாங்கினாலும் அங்கே அறுத்துத்தான் வரும். சுத்தம் செய்து வந்தபோது ஆறரைக் கிலோ.

இந்தப் பறவையின் பெயர் விஷயத்தில் உலகம் முழுக்க ஒரே குழப்பம். ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை வைத்தார்கள், துருக்கியர் அதை இந்தியாவின் பெயரால் 'ஹிந்தி' என்கிறார்கள், போர்த்துக்கேயருக்கு அது 'பெரு', ஒல்லாந்தருக்குக் கோழிக்கோட்டில் இருந்து வந்த 'கல்கூன்', சிங்களத்தில் 'களுகுமா' என்று சொல்வது அந்த ஒல்லாந்துச் சொல்லில் இருந்து வந்ததுதான். பறவை என்னவோ மெக்சிக்கோப் பக்கத்தது. ஒருவரும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. தம்பிதான் பிடிவாதமாக இருந்தான்.

வீட்டு ஓவனுக்குள் வான்கோழி நுழையவில்லை. கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் பக்கத்து ஒழுங்கைப் பேக்கரியில் கெஞ்சி, காலைப் பாண் இறங்கிய பிறகு போறணைக்குள் வைப்பது என்று ஏற்பாடு. மூன்று மணித்தியாலம் போதும் என்று நானே அவர்களிடம் சொல்லிவிட்டுப் போனேன். பூசை முடிந்து வாசலில் நின்று ஆளுக்கு ஆள் கை கொடுத்து, வெளிநாட்டில் இருந்து வந்தவனை எல்லோருக்கும் காட்டி, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தபோது நாலே கால் மணித்தியாலம். தம்பி கனடாவில் இருந்து கொண்டுவந்த இறைச்சி வெப்பமானியை நெஞ்சில் குத்தினான். 74 பாகை செல்சியஸ் வந்தால் எடுக்க வேண்டும், அது 88 காட்டியது. தோல் என்னவோ பார்க்க அழகு. நெஞ்சை வெட்டினால் கத்தியில் தூள் பறந்தது.

நான் உள்ளதைச் சொல்கிறேன், முழுசாகச் சுட்ட வான்கோழி அவ்வளவு பெரிய சாப்பாடு இல்லை. வடிந்த சாற்றை ஊற்றித்தான் எல்லோரும் விழுங்கினார்கள். மருமகன் மட்டும் "சூப்பர் மாமி" என்றான், அவன் நல்ல பிள்ளை. ஆனால் அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் அந்தப் பறவை எங்கள் குசினியில் தந்த ருசி இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில் எடுத்து வைத்த கதை. நத்தார் மத்தியானம் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று தெரியும்தானே, சாப்பிட்ட தட்டு காயுமுன்னே ஆளுக்கொரு மூலையில் பாயைப் போட்டுப் படுத்துவிடுவோம், சட்டிகள் மூடியபடி பின்னேரம் வரை மேசையிலேயே இருக்கும். கறி என்றால் பின்னேரம் ஒருக்கால் சூடுகாட்டினால் போதும் என்று பழகிவிட்டோம், அதுவே சரியில்லைத்தான். முழு வான்கோழியை அப்படி விட்டால் உள்ளே மணிக்கணக்காக இளஞ்சூட்டில் இருக்கும், கிருமி பெருகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சமைத்த இறைச்சி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, 32 பாகைக்கு மேலே வெயில் காய்கிற நாளென்றால் ஒரு மணித்தியாலம்தான். அன்றைக்கு மழை இருட்டு, இருந்தாலும் நான் விடவில்லை. தம்பியையும் மச்சாளையும் எழுப்பி உட்கார வைத்து, எலும்பில் இருந்து இறைச்சியைப் பிரித்தெடுத்தோம். நெஞ்சு வேறு, தொடையும் காலும் வேறு, எலும்பு வேறு. ஆழமான சட்டியில் குவித்து வைத்தால் நடுவில் ஆறாது என்பதால் தட்டையான ஐஸ்கிரீம் டப்பாக்களில் பரப்பி உள்ளே வைத்தோம். வடிந்த சாறும் கொழுப்பும் ஒரு போத்தலில். அந்தப் போத்தலை யாராவது கொட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

இனி அம்மா. 2004இல் நாங்கள் கடலோரம், நாவலடியில் இருந்தோம். நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் மிஞ்சிய கோழிக்கறியைச் சூடுகாட்ட அம்மா அடுப்பில் ஏற்றியிருந்தார். காலை ஒன்பது மணிவாக்கில் கடல் வந்தது. எங்கள் வீட்டு ஆட்கள் தப்பினோம். பக்கத்து வீட்டில் தப்பவில்லை. அதற்குப் பிறகு கல்லடிக்குக் குடிவந்து இந்த இருபது வருடமும், 25ஆம் திகதிச் சமையலில் ஒரு பருக்கை 26ஆம் திகதிக்குப் போனதில்லை. இரவே சட்டி கழுவி ஏற வேண்டும், மிஞ்சினால் அந்த இரவிலேயே அயலுக்கு. ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அம்மா சொன்னதும் இல்லை. ஆறரைக் கிலோப் பறவை வந்துதான் அந்த வழக்கத்தை உடைத்தது. அன்றிரவு அம்மா இரண்டு தரம் எழும்பிவந்து பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுப் போனதை நான் படுத்தபடியே கண்டேன்.

26 காலை 9.25க்கு சுனாமியில் போனவர்களுக்காக நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம் காப்பார்கள். அம்மா அதற்கு முன்பே பூவோடு நாவலடிக்குப் போய்விட்டார். அவர் வரும்வரை நான் அடுப்பு மூட்டவில்லை, என்ன சமைப்பது என்று கேட்கத் தைரியமும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு நனைந்துகொண்டு வந்தார், பசி முகம். தம்பி ஒன்றும் பேசாமல் ரோஸ்ட் பாண் நாலு துண்டை எடுத்து, தொடை இறைச்சியைக் கொத்தி, எருமைத் தயிரைத் துணியில் கட்டி நீர் வடிய விட்டிருந்தான், அதில் மிளகுத்தூள், கொஞ்சம் கடுகு விழுது, பொடியாக வெட்டிய பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துக் குழைத்துத் தடவி, மேலே வெங்காயம் வைத்து நீட்டினான். அம்மா நின்ற நிலையிலேயே கடித்தார். "உப்புக் காணாது" என்றார். முழுசாகச் சாப்பிட்டார்.

அந்தத் தயிர் வேலையைக் கட்டாயம் செய்து பாருங்கள். அங்கே சான்ட்விச்சுக்கு மயோனைஸ் தடவுவார்கள், எனக்கு அது வாயில் எண்ணெய்ப் படலமாக நிற்கும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிர் தெருவுக்குத் தெரு கிடைக்கும்போது போத்தல் மயோனைஸ் எதற்கு? இரண்டு மணித்தியாலம் துணியில் தொங்க விட்டால் வெண்ணெய் மாதிரி இறுகிவிடும். காய்ந்த இறைச்சிக்கு அந்தப் புளிப்பும் ஈரமும்தான் தேவை. தொங்கவிடும்போது பிரிட்ஜுக்குள்ளேயே ஒரு கிண்ணத்தின் மேல் வைத்துவிடுங்கள், வெளியே விட்டால் புளித்துப் போகும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மிஞ்சிய வான்கோழியை வைத்து எல்லோரும் செய்கிற பிழை ஒன்றுதான், அதைப் பச்சை இறைச்சி மாதிரி நினைத்துத் திரும்பவும் வேக வைப்பது. நானும் செய்தேன். 27 மத்தியானம் புரியாணி போடுகிறேன் பேர்வழி என்று நெஞ்சுத் துண்டுகளை மசாலாவில் பிரட்டி, தயிர் ஊற்றி, அரை மணித்தியாலம் கொதிக்க விட்டு, சோற்றோடு தம் வேறு கட்டினேன். மணம் ஊரைத் தூக்கியது. வாயில் வைத்தால் தேங்காய்த் தும்பு. இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கயிறு திரிக்கலாம்" என்றார். சோறு முடிந்தது, இறைச்சி எல்லாத் தட்டிலும் ஒதுங்கிக் கிடந்தது.

நெஞ்சு இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. முதல் சூட்டிலேயே அதன் நீர் போய்விடுகிறது, இரண்டாம் தரம் கொதிக்க வைத்தால் மிச்ச நீரும் போகிறது, குழம்புக்குள் மிதந்தாலும் உள்ளே காய்ந்துதான் கிடக்கும். அதோடு இன்னொரு தொல்லை, அடுத்த நாள் சூடாக்கினால் ஒரு பழைய அட்டைப்பெட்டி மணம் வரும். சமைக்கும்போது இறைச்சியில் உள்ள இரும்புச்சத்து வெளிப்பட்டு, கொழுப்பைக் காற்றோடு சேர்த்துக் கெடுப்பதால் வருவது அது. வான்கோழிக் கொழுப்பு சீக்கிரம் அப்படிக் கெடக்கூடிய வகை. மிளகு, கராம்பு, கறுவா போன்றவற்றுக்கு அதைத் தடுக்கிற குணம் உண்டு. அதனால்தான் சும்மா சூடாக்கித் தின்றால் முகம் சுளிக்கிற அதே துண்டு, சரக்கில் புரண்டதும் வேறு ஆளாக நிற்கிறது.

அப்போ என்ன செய்வது? மாசியை, அதுதான் மாசிக் கருவாட்டை, நினைத்துக்கொள்ளுங்கள். மாசியை யாராவது கறி வைத்து வேக விடுவார்களா? அது ஏற்கெனவே அவிந்து காய்ந்த பொருள், இடித்தோ பிய்த்தோ கடைசியில் போடுவோம், மற்றதற்கு ருசி கொடுத்துவிட்டுத் தானும் ருசியாக இருக்கும். இந்த வான்கோழி நெஞ்சும் அதே சாதி. இதை எனக்குச் சொல்லித் தந்தது யாரும் இல்லை, 26 பின்னேரம் அம்மா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுவிட்டு, "மாசி மாதிரியெல்லோ கிடக்கு" என்று பழித்தார், அதில் இருந்து பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டும் அடுத்த நாளே ஏன் புரியாணி போட்டேன் என்று கேட்காதீர்கள், ஆசை யாரை விட்டது.

புரியாணிக்கு முதல் நாள், 26 இரவு, செய்தது வான்கோழிச் சம்பல். சீனிச் சம்பல் போடுகிற அதே முறை, மாசிக்குப் பதில் இது. முந்நூறு கிராம் அளவு நெஞ்சை நார் ஓடுகிற பக்கமாகக் கையால் மெல்லிய இழைகளாகப் பிய்க்க வேண்டும், கத்தி வேண்டாம், வெட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். எண்ணெய் இல்லாத தாச்சியில் மெல்லிய நெருப்பில் அந்த இழைகளைப் பத்து நிமிடம் பிரட்டினால் ஈரம் வற்றி, நுனி லேசாகச் சிவக்கும். எடுத்து வைத்துவிடுங்கள். அதே தாச்சியில் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் தாராளமாகத்தான், அதில் ஒரு துண்டு கறுவா, இரண்டு ஏலம், ரம்பை, கறிவேப்பிலை. பிறகு அரைக் கிலோ சின்ன வெங்காயம், மெல்லிசாக அரிந்தது. இங்கேதான் பொறுமை வேண்டும், நெருப்பைக் கூட்டினால் வெங்காயம் கருகும், உள்ளே பச்சை மணம் நிற்கும். முக்கால் மணித்தியாலம் ஆகும். நான் கதிரையை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மச்சாளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கிண்டினேன், ஆறு வருடக் கதைக்கு முக்கால் மணித்தியாலம் காணவில்லை. வெங்காயம் சுருங்கித் தேன் நிறத்துக்கு வந்ததும் இடித்த செத்தல் மிளகாய் எட்டுப் பத்து, தேசிக்காய் அளவு பழப்புளியைக் கெட்டியாகக் கரைத்தது, ஒரு கரண்டி சீனி. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், சுட்ட இறைச்சியில் ஏற்கெனவே உப்பு இருக்கும். புளி வற்றி எண்ணெய் பிரிந்து வரும்போது இறைச்சி இழைகளைக் கொட்டி ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம்.

பிட்டோடு வைத்தோம். மருமகன் கனடாவில் பிட்டைத் தொடமாட்டானாம், அன்றைக்கு மூன்று தரம் கேட்டு வாங்கினான், உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது, விடவில்லை. நெஞ்சு காய்ந்து போனதற்காக மத்தியானம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன், இரவில் அது காய்ந்ததே நல்லதாகப் போயிற்று. ஈரமான இறைச்சியில் இந்த மொறுமொறுப்பு வராது.

எலும்பு ராத்தாவின் வேலை. நத்தாரன்று மழையால் வர முடியாமல் போனது என்று 27 பின்னேரம் பிள்ளைகளோடு வந்தார். அவருடைய பங்கைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். பிரிட்ஜில் கிடந்த எலும்பைக் கண்டுவிட்டு, "இத வச்சிக்கிட்டு என்னகா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கஞ்சி காச்சுவம்" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். நோன்பு காலத்தில் அவர் அனுப்புகிற கஞ்சிக்கு எங்கள் வீட்டில் அடிபிடி நடக்கும், அதனால் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

எலும்புகளை மூட்டு மூட்டாக உடைத்து, பெரிய பானையில் போட்டு, மூடுகிற அளவுக்குத் தண்ணீர், இஞ்சி, உள்ளி, முழு மிளகு, ஒரு வெங்காயம். பின்வளவு விறகடுப்பில் இரண்டரை மணித்தியாலம், தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற சூட்டில். பொங்கிக் கொதித்தால் கொழுப்பு கலங்கி ஆணம் சேற்றுத் தண்ணீர் மாதிரி வருமாம். மேலே வருகிற நுரையை அகப்பையால் எடுத்துக்கொண்டே இருந்தார். மூட்டிலும் சவ்விலும் இருக்கிற பொருள் மெல்லக் கரைந்து இறங்க வேண்டும், விரலில் தொட்டால் ஒட்ட வேண்டும். அதுதான் பதம். வடித்த ஆணத்தில் கொஞ்சத்தைப் பிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், விடிய ஜெலி மாதிரி உறைந்து நின்றது. கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கொட்டிவிடாதீர்கள், மூட்டும் சவ்வும் நன்றாகக் கரைந்தால் அப்படித்தான் உறையும், சூடாக்கினால் திரும்ப இளகும்.

அந்த ஆணத்தில் இரண்டு சுண்டு பச்சையரிசி, ஒரு சின்னக் கரண்டி வெந்தயம், ரம்பை, நசுக்கிய உள்ளி இன்னும் நாலைந்து. அரிசி குழைந்ததும் தொடை இறைச்சியைப் பிய்த்துப் போட்டு, கடைசியில் தேங்காய்க் கட்டிப்பால், ஒரு கொதி வருமுன்னே இறக்கம். தொடை இறைச்சி நெஞ்சைப் போல இல்லை, கொழுப்பும் சவ்வும் உள்ளது, திரும்பச் சூடு பட்டாலும் தாங்கும். தேசிக்காய் பிழிந்து, பொரித்த வெங்காயம் தூவிக் குடித்தோம். வெளியே மழை ஊற்றுகிறது, வளவுக்குள் கணுக்கால் தண்ணீர், உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் கோப்பையைக் கையில் வைத்து ஊதிக்கொண்டு இருக்கிறோம். அந்தக் கஞ்சிக்கு முன்னால் நத்தார் மத்தியானச் சாப்பாடு ஒன்றுமே இல்லை. இதைத் தம்பியின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவனும் ஒத்துக்கொண்டான், வாய் நிறையக் கஞ்சி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான்.

கஞ்சி குடித்து முடிய, ஏழு மணிவாக்கில் கரண்ட் போனது. மார்கழி மழையில் இது புதிதில்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும், நிரம்பிய பிரீசர் என்றால் இரண்டு நாள் கூடத் தாங்கும். ஆனால் வீட்டில் நாலைந்து பிள்ளைகள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு கை கதவில். அம்மா ஒரு கதிரையைக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவோடு ஒட்டிப் போட்டு, செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் கிட்டப் போகவில்லை. பத்து மணிக்கு முன்னாலேயே கரண்ட் வந்துவிட்டது, அம்மா எழும்பிப் படுக்கப் போனார்.

28ஆம் திகதி கொத்து, அதுதான் கொத்துரொட்டி. கொத்து எங்கள் கிழக்கில் பிறந்தது என்று இங்கே எல்லோரும் அடித்துச் சொல்வோம், அதனால் இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கடையில் வீச்சு ரொட்டி வாங்கி அரிந்துகொண்டோம். விஷயம் ரொட்டியில் இல்லை, ஆணத்தில். முதல் நாளே போத்தலில் பிடித்து வைத்த சுட்ட சாறு இருக்கிறதே, அதன் மேல் கட்டிய கொழுப்பை எடுத்து வெங்காயம், கோவா, கரட், லீக்ஸ் வதக்கினேன். அடியில் இருந்த கறுத்த சாற்றில் கறித்தூளும் தண்ணிப்பாலும் சேர்த்துக் கொதிக்க வைத்து, அதையே கொத்துக்கு ஊற்றினேன். முட்டை உடைத்துக் கிண்டிய பிறகு ரொட்டி, அதற்கும் பிறகுதான் இறைச்சி. கடையில் தட்டுகிற அந்த ஓசை வீட்டுத் தாச்சியில் வராது, ருசியில் ஒரு குறையும் இல்லை.

ரோல்ஸ் செய்யலாம் என்று மச்சாள் சொன்னார். ஐம்பது ரோல்ஸ் சுற்றி, முட்டையில் தோய்த்து, தூளில் பிரட்டிப் பொரிக்கிற பொறுமை பண்டிகைக்குப் பிறகு யாருக்கு இருக்கும்? உருளைக்கிழங்கோடு மசித்து கட்லட்டாகத் தட்டினோம், அதே சாமான், பாதி வேலை. இருபத்திரண்டு வந்தது. அதில் பாதியை அம்மா சுடச்சுடத் தட்டில் அடுக்கி, குடையைப் பிடித்துக்கொண்டு அயலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

சமைத்த இறைச்சியைப் பிரிட்ஜில் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைத்து நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். எதைச் சூடாக்கினாலும் எடுக்கிற அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கும் வரை சூடாக்கி, மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைக்காமல் முடித்துவிட வேண்டும். அதனால் 29 காலையில் கணக்குப் பார்த்தேன். நெஞ்சு முடிந்தது, தொடை முடிந்தது. இரண்டு டப்பா எலும்பு ஆணத்தைப் பிரீசருக்குள் வைத்து, திகதி எழுதி ஒட்டியிருந்தேன், அதில் ஒன்றைக் காணவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தடிமன் காய்ச்சல் என்று அம்மா எடுத்துக்கொண்டு போயிருந்தார். சம்பல் 26 இரவே வழித்துத் துடைத்துச் சாப்பிட்டு முடித்ததாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், மருமகன் இரண்டு நாளாக அதைக் கேட்டு நச்சரித்துக்கொண்டு இருந்தான்.

பிரிட்ஜைத் துடைப்போம் என்று முட்டைத் தட்டை இழுத்தேன். பின்னால் ஒரு பழைய ஜாம் போத்தல், மூடி இறுக்கி, பொலித்தீனில் சுற்றியது. திறக்க முன்பே வெங்காய மணம். அரைப் போத்தலுக்குக் குறைவு, நடுவில் கரண்டி தோண்டிய அடையாளம். திரும்பினால் அம்மா குசினி வாசலில் நிற்கிறார்.

"அதுல கை வைக்காத புள்ள, மத்தியானம் எனக்குப் பாணுக்கு வேணும்."